'மானோ' பக்கம் ஒன்று போதும்: ஸ்பானிய அகாதமியின் இணைய அகராதி

என்னிடம் ஸ்பானியம் படிக்கிறவர்கள் ஆரம்பப் பாடங்களைத் தாண்டியதும் எந்த அகராதி வைத்துக்கொள்ளலாம் என்று கேட்பார்கள். யோசிக்காமல் ரியல் அகாதெமியா எஸ்பஞோலாவின் அகராதியைச் சொல்வேன். 1713இல் மாத்ரிதில் தொடங்கிய அமைப்பு அது. 2014இல் வெளியான அதன் 23ஆம் பதிப்பு இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. புதுச் சொற்களும் திருத்தங்களும் சேர்ந்துகொண்டே இருக்கின்றன. லத்தீன் அமெரிக்க நாடுகளின் அகாதமிகளும் இதில் பங்காளிகள். அதனால் ஒரு பொருள் மெக்சிகோவில் மட்டும் வழங்குகிறதா, வேறெங்குமா என்பதைச் சொல்லுக்குப் பக்கத்திலேயே சுருக்கக்குறியாகப் போட்டிருக்கிறார்கள்.

இதன் அருமை தெரிய 'மானோ' என்று தேடிப் பாருங்கள். கை என்று பொருள். 'ஓ'வில் முடிந்தாலும் பெண்பால்: 'லா மானோ'. லத்தீனில் 'மானுஸ்' பெண்பாலாக இருந்தது, அது அப்படியே தங்கிவிட்டது. பல செயலிகளில் இந்த ஒரு பொருளோடு பாடம் முடிந்துவிடும். இங்கே பக்கம் நீண்டுகொண்டே போகும். சுவருக்கு அடிக்கும் ஒரு பூச்சு வண்ணமும் மானோ, உரலில் இடிக்கிற குழவியும் மானோ, சீட்டாட்டத்தில் ஒரு சுற்றும் மானோ. லத்தீன் அமெரிக்காவில் பல இடங்களில் வாழைப்பழச் சீப்புக்கும் அதே சொல்தான்.

எனக்குப் பிடித்தது பக்கத்தின் கீழ்ப்பாதி. சொற்றொடர்கள் எல்லாம் அங்கேதான் இருக்கின்றன. தமிழ் தெரிந்தவர்களுக்குப் பாதிக்கு மேல் வீட்டுப் பேச்சாகவே தோன்றும். 'எச்சார் உனா மானோ' என்றால் கைகொடுப்பது, உதவுவது. 'லவார்சே லாஸ் மானோஸ்' என்றால் கையைக் கழுவுவதும்தான், ஒரு பொறுப்பைக் கைகழுவி விடுவதும்தான். 'கோன் லாஸ் மானோஸ் என் லா மாசா', அதாவது பிசைந்த மாவில் கை இருக்கும்போதே பிடிபடுவது. நம் 'கையும் களவுமாக'. 'மானோ தெரேச்சா' வலது கை, நம்பிக்கையான உதவியாளருக்கும் அதுவே. ஆனால் 'மானோ இஸ்கியெர்தா', இடது கை, நாம் நினைக்கிற பக்கம் போவதில்லை. சிக்கலான விஷயத்தை நயமாகச் சமாளிக்கும் சாமர்த்தியம் அது. 'மானோ தே ஓப்ரா' தொழிலாளர் உழைப்பு. செய்தித்தாளைத் திறந்தால் கண்ணில் படும்.

'மானோ ஆ மானோ'வை ஆணுக்கு ஆண் என்று எடுத்துக்கொள்கிறவர்கள் நிறைய. ஆணுக்கும் இதற்கும் தொடர்பே இல்லை, கைக்குக் கைதான். காளைச் சண்டையில் இரண்டே வீரர்கள் ஒருவரோடொருவர் போட்டியிட்டு இறங்கும் நிகழ்ச்சிக்கு அந்தப் பெயர். இருவர் கூடிச் செய்கிற வேலைக்கும் சொல்வார்கள். இதற்கெல்லாம் அந்தப் பக்கத்தில் ஓரிரு வரிதான், ஆனால் தப்பான பொருளுக்கு இடம் வைக்காத வரிகள்.

ஒரு வழக்கம் தெரிந்தால் தேடும் நேரம் மிச்சம்: சொற்றொடரில் பெயர்ச்சொல் இருந்தால் வினையில் தேடாமல் பெயர்ச்சொல்லில் தேடுங்கள். 'எச்சார்' பக்கத்தில் அலைய வேண்டாம், 'மானோ'வுக்குப் போங்கள்.

குறையும் உண்டு. விளக்கம் முழுக்க ஸ்பானியத்திலேயே இருக்கிறது, ஆகவே முதல் சில மாதங்களில் இதைத் திறந்தால் மிரண்டுதான் போவோம். தினமும் கேட்கிற பொருளும் எப்போதோ வழங்கிய பொருளும் ஒரே வரிசையில் நிற்கும். பேச்சுவழக்குக்கு 'கொலோக்', வழக்கொழிந்ததற்கு 'தெசுஸ்' என்ற குறிகளைப் பழக்கிக்கொண்டால் இந்தத் தொல்லை பெரும்பாலும் தீரும். எடுத்துக்காட்டு வாக்கியங்கள் இன்னும் தாராளமாக இருந்திருக்கலாம். நாலு பொருளுக்கு ஒன்று கூட வராத இடங்கள் உண்டு. நான் வகுப்பில் அந்த இடத்தை நாளிதழ் வரிகளால் நிரப்புகிறேன்.

எது சரி என்ற சந்தேகத்துக்கு இதைவிட அதே அகாதமிகள் 2005இல் கொண்டுவந்த ஐயங்கள் அகராதி பொருத்தம், அதுவும் இலவசம். சின்னக் கையை ஸ்பெயினிலும் மெக்சிகோவிலும் 'மனீதா' என்பார்கள், மற்ற லத்தீன் அமெரிக்க நாடுகள் பலவற்றில் 'மனீதோ' என்பார்கள், இரண்டும் பெண்பாலே என்று அங்கே தெளிவாக இருக்கிறது.