‘மா’வை வைத்து ஒரு சோதனை: விக்சனரி எங்கே கைகொடுக்கிறது, எங்கே காலை வாருகிறது

ஓர் அகராதியின் தரத்தை நீளமான சொல்லைத் தேடிக் கண்டுபிடிக்க முடியாது. நீளச் சொல்லுக்குப் பெரும்பாலும் ஒரு பொருள், ஒரு வரலாறு. எந்த அகராதியும் சமாளித்துவிடும். திணறடிப்பது குட்டிச் சொல்தான். நன்னூல் கணக்கிட்ட 42 ஓரெழுத்து ஒருமொழிகளில் ஒன்றான ‘மா’வை எடுத்துக்கொண்டால், தமிழிலேயே மாமரம், விலங்கு, குதிரை, அரைத்த மாவு, பெருமை, கருமை, திருமகள், இருபதில் ஒரு பங்கு, வேலியில் இருபதில் ஒன்றான நில அளவு என்று வரிசை நீள்கிறது. இத்தாலியனில் ‘ஆனால்’, பிரெஞ்சில் ‘என்னுடைய’, ஹங்கேரியனில் ‘இன்று’, எஸ்டோனியனில் ‘நான்’, போலிஷில் ‘வைத்திருக்கிறார்’, ஐரிஷில் ‘என்றால்’, மாவோரியில் ‘வெண்மை’, அரபியில் ‘என்ன’, பாரசீகத்தில் ‘நாம்’, தெலுங்கில் ‘எங்கள்’. இத்தனையையும் ஒரே இடத்தில் தேட இலவசமாகக் கிடைக்கும் முதல் வழி, யாரும் திருத்தக்கூடிய இணைய அகராதியான ஆங்கில விக்சனரி. அது எப்படி வேலை செய்கிறது என்று தெரியாமல் உள்ளே போனால், வெளியே வரும்போது கையில் நாலைந்து தப்பான முடிவுகள் இருக்கும்.

2002 டிசம்பரில் தொடங்கிய திட்டம் இது. விக்கிப்பீடியாவை நடத்தும் அதே அறக்கட்டளையுடையது. கட்டணம் இல்லை, விளம்பரம் இல்லை, கணக்குத் திறக்கவும் தேவையில்லை. எல்லா மொழிச் சொற்களுக்கும் ஆங்கிலத்தில் விளக்கம் தருவதே இதன் நோக்கம். அதாவது தமிழ்ச் சொல்லும் இங்கே உண்டு, விளக்கம் ஆங்கிலத்தில். தமிழ் விக்சனரி வேறு தளம், அதற்குப் பிறகு வருவோம்.

முதலில் புரிந்துகொள்ள வேண்டியது, ஒரு பக்கம் என்றால் ஓர் எழுத்துக்கூட்டு. ஒலியை வைத்தோ பொருளை வைத்தோ வேரை வைத்தோ பக்கம் பிரிப்பதில்லை. ரோமன் எழுத்தில் ‘மா’ என்று தட்டினால் ஹங்கேரியன், பிரெஞ்சு, இத்தாலியன், எஸ்டோனியன், போலிஷ் எல்லாம் ஒரே பக்கத்தில் அடுக்காக வரும். அந்தப் பக்கத்தில் தமிழ் கிடையாது. தமிழ் எழுத்தில் தட்டினால்தான் தமிழ்ப் பதிவு. நாகரி எழுத்துக்கு ஒரு பக்கம், தெலுங்கு எழுத்துக்கு ஒரு பக்கம், அரபி எழுத்துக்கு ஒரு பக்கம், சீன எழுத்துகளுக்குத் தனித்தனியே பல பக்கங்கள். ஒலிக்குறி சேர்ந்தால் அதுவும் வேறு பக்கம். ஐரிஷ் சொல்லும் மாவோரிச் சொல்லும் உயிரெழுத்தின் மேல் குறியோடு எழுதப்படுவதால் வெறும் ரோமன் பக்கத்தில் அகப்படாது. பக்கத்தின் உச்சியில் ‘இவற்றையும் பார்க்க’ என்ற பொருளில் ஒரு வரி இருக்கும். பலர் கண்ணில் படாத அந்த வரிதான் இந்தக் கிளைகளுக்கெல்லாம் வாசல்.

வியட்நாமியத்தில் இது உச்சம் தொடும். ஆறு தொனிக்கு ஆறு எழுத்துக்கூட்டு, ஆறு பக்கம். குறியில்லாதது பேய். ஏறு தொனியில் அம்மா, கன்னம். இறங்கு தொனியில் ‘ஆனால்’. மற்ற மூன்றில் கல்லறை, குதிரை, நாற்று. பேயைத் தேடிவந்தவர் அம்மாவைப் பார்க்காமலே திரும்பிவிடலாம். மாண்டரினில் சிக்கல் வேறு மாதிரி. முதல் தொனியில் தாய், இரண்டாவதில் சணல்வகைச் செடி, மூன்றாவதில் குதிரை, நான்காவதில் திட்டுதல், தொனியே இல்லாமல் வாக்கிய இறுதியில் வரும் வினாச்சொல். ரோமன் பக்கம் இவற்றுக்கு வெறும் கைகாட்டி மரம். பொருள், பழைய உச்சரிப்பு, வரலாறு எல்லாம் சீன எழுத்துப் பக்கத்தில்தான் இருக்கும். எளிமையாக்கிய எழுத்தில் போனால் சுருக்கமான ஒரு குறிப்போடு மரபு எழுத்துக்கு அனுப்பிவிடும். ஆகவே இரண்டு சொடுக்கு ஆகும், எரிச்சல்பட வேண்டாம். தாய்லாந்து மொழியில் ‘வா’, ‘குதிரை’, ‘நாய்’ மூன்றும் தொனியால் மட்டும் வேறுபடும் ‘மா’க்கள். (‘தாய் மொழி’ என்று எழுதினால் தமிழில் வேறு பொருள் வந்து உட்கார்ந்துகொள்கிறது. குட்டிச் சொல் படுத்தும் பாட்டுக்கு இதுவும் ஒரு சாட்சி.)

ஒரே எழுத்துக்கூட்டு என்றால் ஒரே ஒலி என்றும் நினைக்க வேண்டாம். ஹங்கேரியனில் குறியில்லாத அந்த உயிர் உதடு குவிந்து ஒலிக்கும், நம் காதுக்கு ‘மொ’ போல விழும். ஒவ்வொரு மொழியின் கீழும் உள்ள உச்சரிப்புப் பகுதியைப் பார்த்துவிட்டுப் பொருளுக்குப் போவது நல்லது.

அடுத்தது சொற்பிறப்பு. ஒரு மொழிக்குள் ஒரே எழுத்துக்கூட்டுக்கு வெவ்வேறு வேர்கள் இருந்தால் ‘சொற்பிறப்பு 1’, ‘சொற்பிறப்பு 2’ என்று எண்ணிட்டுப் பிரிப்பார்கள். இந்த ஏற்பாடுதான் இந்தத் தளத்தின் பெரிய பலம். கிரேக்கத்தை வைத்துப் பார்த்தால் புரியும். ஆணையிடும்போது தெய்வத்தின் பெயருக்கு முன் வரும் ‘மா’ பழங்கிரேக்கத்திலிருந்து வருவது. இன்றைய பேச்சில் ‘ஆனால்’ என்ற பொருளில் வரும் ‘மா’ இத்தாலியனிலிருந்து வாங்கியது. ஒரே மொழி, ஒரே எழுத்து, இரண்டு பிறவி. அந்த இத்தாலியச் சொல்லோ ‘மேலும், அதிகம்’ என்ற பொருளுள்ள ‘மாகிஸ்’ என்ற லத்தீன் சொல் தேய்ந்தது. பிரெஞ்சு ‘மா’வும் லத்தீன் பிள்ளைதான், ஆனால் அதற்குத் தாய் ‘என்னுடைய’ என்ற பொருளுள்ள ‘மெயா’. பக்கத்து வீட்டு மொழிகளில் ஒரே முகத்தோடு இருக்கும் இரண்டும் உறவில்லாதவை. ‘மாகிஸ்’ஸின் பிரெஞ்சுப் பேரன் வேறு எழுத்துக்கூட்டில், வேறு பக்கத்தில் இருக்கிறான்.

சொற்பிறப்பு வரியில் வினைச்சொல்லைக் கவனித்துப் படிக்க வேண்டும். ‘மரபாக வந்தது’, ‘கடன் வாங்கியது’, ‘பெறப்பட்டது’, ‘ஒப்பிடுக’ என்ற நான்கும் வெவ்வேறு கூற்றுகள். கடைசியது உறவு என்றே சொல்லவில்லை, பார்த்துக்கொள் என்கிறது, அவ்வளவுதான். உடுக்குறி (*) போட்ட வடிவம் எழுத்தில் எங்கும் கிடைத்ததல்ல, அறிஞர்கள் ஒப்பிட்டு மீட்டமைத்தது. இதை விட்டுவிட்டுப் படிப்பவர்கள்தான் உடுக்குறியை நீக்கிவிட்டு ‘மூலத் திராவிடத்தில் இப்படி எழுதியிருக்கிறார்கள்’ என்று மேற்கோள் காட்டுகிறார்கள். இன்னொன்று, போலிஷ் ‘மா’வுக்குச் சொற்பிறப்பு தேடினால் பெரும்பாலும் வெறுங்கைதான். அது ஒரு வினைச்சொல்லின் படர்க்கை ஒருமை வடிவம் மட்டுமே. அங்கே கொடுத்திருக்கும் இணைப்பைச் சொடுக்கி அடிப்படை வினைக்குப் போனால் வரலாறு கிடைக்கும்.

இப்போது பொறிகள். சீனத்தில் ‘மா’ குதிரை, சங்கத் தமிழிலும் ‘மா’ குதிரை, எனவே... என்று தொடங்கும் கட்டுரைகளுக்குக் குறைவில்லை. சீன எழுத்துப் பக்கத்தில் பழஞ்சீன உச்சரிப்பைத் திறந்து பார்த்தாலே காற்று இறங்கிவிடும். மீட்டமைத்த பழைய வடிவத்தில் மகரத்தையடுத்து ஒரு ரகரம் இருக்கிறது. மங்கோலியன் ‘மோரி’யும் கொரியன் ‘மல்’லும் அதன் அருகில் வைத்துப் பார்க்கத் தக்கவை. தமிழ் ‘மா’வோ பொதுவாக விலங்கைக் குறித்து, குதிரைக்கும் வழங்கியது. யானையையும் அது விடவில்லை. பாரசீக ‘நாம்’, தெலுங்கு ‘எங்கள்’ இரண்டும் அடுத்த பொறி. பாரசீகச் சொல் பழைய ‘அமா’வின் முதலுயிர் விழுந்த வடிவம். தெலுங்குச் சொல், கேட்பவரைச் சேர்க்காத தன்மைப் பன்மை, நம் ‘எம்’மின் உறவு. அரபி எழுத்துப் பக்கத்தில் அரபி ‘என்ன’வும் பாரசீக ‘நாம்’உம் ஒன்றன்கீழ் ஒன்றாக இருப்பதற்கும் காரணம் எழுத்துக்கூட்டு மட்டுமே. சமஸ்கிருதத்தில் ‘மா’ அளத்தலைக் குறிக்கும் வினைவேர், தமிழில் ‘மா’ நில அளவு. முடிச்சுப் போடக் கை துறுதுறுக்கும். கால வரிசையில் சான்று காட்டாத வரை அந்த முடிச்சு நிற்காது. அதே சமஸ்கிருதத்தில் ‘வேண்டாம்’ என்று விலக்கும் ‘மா’வும் ‘என்னை’ என்ற ‘மா’வும் உண்டு. விலக்கும் ‘மா’வுக்குக் கிரேக்கத்தில் ‘மே’ என்று உண்மையான உடன்பிறப்பே இருக்கிறது, ஆனால் அது ஒலியும் எழுத்தும் மாறிக் கிடப்பதால் கண்ணில் படாது. உண்மை உறவு பெரும்பாலும் இப்படி உருமாறித்தான் இருக்கும். அச்சு அசலாக ஒத்துப்போனால் சந்தேகப்படுவதே பாதுகாப்பு.

தாயைக் குறிக்கும் ‘மா’க்களுக்குத் தனி எச்சரிக்கை தேவை. வங்காளியிலும் சீனத்திலும் வியட்நாமியத்திலும் ஒரே மாதிரி இருப்பதற்கு உறவு தேவையில்லை. உதடு மூடித் திறந்தாலே குழந்தைக்கு வரும் ஒலி அது, பெற்றவர்கள் அதைத் தமக்கென்று எடுத்துக்கொள்கிறார்கள். மொழியியலாளர் ரோமன் யாகப்சன் 1960இல் வெளியான கட்டுரையில் இதை விளக்கியிருக்கிறார். யார் எடுத்துக்கொள்வது என்பதும் மொழிக்கு மொழி மாறும். ஜார்ஜியனில் ‘மாமா’ என்றால் அப்பா, அம்மா ‘தேதா’.

தமிழ்ப் பதிவுக்கு வந்தால், விக்சனரியின் விளைச்சல் சீராக இல்லை. ஐரோப்பிய மொழிகளுக்கும் சீனத்துக்கும் உள்ள ஆழம் இங்கே எதிர்பார்க்கக் கூடாது. இந்த இடத்தில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகனைத் திறக்க வேண்டும். 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாகவும் 1939இல் பிற்சேர்க்கையாகவும் வந்தது. சிகாகோ பல்கலைக்கழகத்தின் தெற்காசிய எண்ணிம நூலகத்தில் இலவசமாகத் தேடலாம். ஒவ்வொரு ‘மா’வையும் மேல் எண் போட்டுப் பிரித்து, எந்த நூலில் அந்தப் பொருளில் வருகிறது என்று சுருக்கக் குறியோடு தரும். அதே தளத்திலேயே பர்ரோ, எமனோ இருவரும் தொகுத்த திராவிடச் சொற்பிறப்பு அகராதியும் (இரண்டாம் பதிப்பு 1984) உண்டு. மாமரத்துக்கு மலையாளம், கன்னடம் முதலியவற்றில் உள்ள உறவுகளை அதில் பார்ப்பதே முறை. லெக்சிகனையும் கண்ணை மூடி நம்பிவிட முடியாது. பெருமையைக் குறிக்கும் ‘மா’ வடசொல் ‘மகா’விலிருந்து வந்ததா, தமிழுக்கே உரியதா என்ற வழக்கு இன்னும் தீரவில்லை. ஒரே நூலைப் பார்த்துத் தீர்ப்பு எழுத வேண்டாம்.

எந்த ‘மா’ என்று பிரிக்க அகராதிக்கு வெளியே ஒரு நல்ல கருவி இருக்கிறது: புணர்ச்சி. பின்னால் க, ச, த, ப வந்தால் மரத்து ‘மா’ மெல்லினம் பெறும்: மாங்காய், மாஞ்சோலை, மாந்தோப்பு, மாம்பழம். அரைத்த ‘மா’ வல்லினம் மிகும்: மாக்கோலம். (இலங்கைத் தமிழில் இன்றும் இது ‘மா’தான், ‘மாவு’ இல்லை.) பெருமையின் ‘மா’ எதுவும் பெறாது: மாகடல், மாபெரும். காதுக்கு ஒன்றாகக் கேட்கும் மூன்றும் அடுத்த எழுத்தைத் தொட்டவுடன் தனித்தனியே காட்டிக்கொடுத்துவிடுகின்றன. உயிரெழுத்து வந்தால் இந்தச் சோதனை பயன்படாது. மாவிலை என்ற வடிவம் எதையும் நிரூபிக்காது. மாப்பிள்ளையையும் இதில் இழுக்க வேண்டாம், அவர் கதை வேறு. விக்சனரியில் கூட்டுச்சொற்களை வேருக்கு வேர் பிரித்து அடுக்க நினைக்கும் தொகுப்பாளர்கள் இந்தச் சோதனையைச் செய்துவிட்டு அடுக்கினால் பாதிக் குழப்பம் தீரும்.

தமிழ் விக்சனரியைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. கலைச்சொல்லுக்குத் தமிழ் நிகர் தேடுபவர்களுக்கு அது நல்ல துணை. சொற்பிறப்பு தேடுபவர்களுக்கு அங்கே வேலை குறைவு.

பயன்படுத்தும்போது சில நடைமுறைகள். கைப்பேசியில் மொழிப் பகுதிகள் மடிந்தே கிடக்கும், கணினியில் பார்ப்பது வசதி. முகவரியின் கடைசியில் எண் குறியையும் (#) மொழியின் ஆங்கிலப் பெயரையும் சேர்த்தால் நேரே அந்த மொழிக்கு இறங்கலாம். கணக்கு வைத்திருந்தால் விருப்பத்தேர்வுகளில் மொழிகளைத் தாவல்களாகப் பிரிக்கும் வசதி உண்டு. ‘ஆனால்’ என்பதற்குப் பல மொழிச் சொற்கள் வேண்டுமென்றால் ரோமன் ‘மா’ பக்கத்தைத் துழாவ வேண்டாம். மொழிபெயர்ப்புப் பட்டியல்கள் ஆங்கிலச் சொல்லின் பதிவில் மட்டுமே வைக்கப்படுகின்றன, அங்கிருந்து தொடங்க வேண்டும். மின்வருடிய நூலிலிருந்து படியெடுத்து ஒட்டினால் துணைக்காலுக்குப் பதில் ரகரம் விழுந்திருக்கும். ‘மா’ ‘மர’ ஆகி, தேடலில் ஒன்றும் வராது. கண்ணுக்கு இரண்டும் ஒன்றாகத் தெரிவதால் தப்பு பிடிபடாது, கையால் தட்டிவிடுவதே மேல்.

நம்பகத்தைப் பொறுத்தவரை, ஆவணம் மிகுந்த மொழிகளின் சொல்லுக்கு ஓராண்டுக்கு மேல் பரவிய, ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத மூன்று பயன்பாட்டுச் சான்றுகள் வேண்டும் என்பது தளத்தின் விதி. இது சொல் இருக்கிறது என்பதற்கான விதிதான். சொற்பிறப்பு சரி என்பதற்கு உத்தரவாதம் ஆகாது. ‘சரிபார்க்க வேண்டும்’ என்ற பட்டை ஒட்டியிருக்கிறதா, சொற்பிறப்பு வரிக்கு அடிக்குறிப்பு இருக்கிறதா என்று பார்க்கவும். இல்லையென்றால் வரலாற்றுத் தாவலில் அந்த வரி எப்போது சேர்ந்தது, யாராவது நீக்கித் திரும்பச் சேர்த்தார்களா என்று நோட்டமிட இரண்டு நிமிடம் போதும். மேற்கோள் காட்டும்போது சாதாரண முகவரியைத் தராமல், பக்கக் கருவிகளில் உள்ள நிலையான இணைப்பை எடுத்துத் தர வேண்டும். சாதாரண முகவரி எப்போதும் கடைசித் திருத்தத்தைத்தான் காட்டும். நீங்கள் மேற்கோள் காட்டிய வரி நாளைக்கு அங்கே இல்லாமல் போகலாம்.