இரண்டு ஜிடிஎக்ஸ் 480: காற்றா, நீரா?

பழைய விளையாட்டுகளுக்காக இரண்டு ஜிடிஎக்ஸ் 480 கிராஃபிக்ஸ் கார்டுகளை எஸ்எல்ஐ முறையில் (இரண்டையும் ஒன்றாக இயக்கும் வழி) இணைக்க நினைப்பவர்கள் முதலில் வெப்பக் கணக்கைப் போட வேண்டும். 2010இல் வந்த இந்தக் கார்டு ஒன்றுக்கு 250 வாட். இரண்டும் முழு வேகத்தில் ஓடினால், அறைக்குள் 500 வாட் அடுப்பு எரிவதாகவே அர்த்தம்.

காற்றுக் குளிர்விப்பு மலிவு. கார்டோடு வந்த விசிறியே போதும். பழுதானால் சென்னை ரிச்சி தெருவில் மாற்று தேடலாம். ஆனால் மேல் கார்டு, கீழ்க் கார்டின் முதுகுச் சூட்டையே மூச்சாக இழுக்கிறது. விசிறிகளின் இரைச்சலில் விளையாட்டின் இசை அமுங்கிவிடும்.

நீர்க் குளிர்விப்பு இந்தத் தொல்லையை அழகாகத் தீர்க்கிறது. உழைப்புதான் அதிகம். இக்கார்டுக்கென்றே செய்த முழு நீர்த்தகடு (உள்ளே நீர் ஓடிச் சூட்டை எடுக்கும் உலோகத் தகடு) இன்று எளிதில் கிடைப்பதில்லை. பொதுவான தகடு நடுச் சில்லை மட்டுமே குளிர்விக்கும். நினைவகச் சில்லுகளுக்கும் மின்சீராக்கிப் பகுதிக்கும் சிறு உலோகத் துடுப்புகளை ஒட்டி, தனி விசிறியும் வைக்க வேண்டும். செப்புத் தகட்டோடு அலுமினிய ரேடியேட்டரை (நீரின் சூட்டைக் காற்றில் விடும் பாகம்) சேர்க்கவே கூடாது, அரித்துவிடும். ஆழ்துளைக் கிணற்று நீர் வேண்டாம். காய்ச்சி வடித்த நீரே சரி.

எந்த ரேடியேட்டரும் நீரை அறை வெப்பத்துக்குக் கீழே இறக்காது. சென்னையின் மே மாதத்தில் இதை மறக்க முடியாது. இருந்தும் இரண்டு கார்டுகள் என்றால் நான் நீரின் பக்கம். ஒரே கார்டுக்குக் காற்றே போதும். பூட்டி முடித்ததும் நீரைச் சுற்றவிடும் பம்பை மட்டும் ஒரு நாள் முழுக்க ஓடவிட்டு, கசிவில்லை என்று உறுதியான பிறகே மதர்போர்டுக்கு மின்சாரம் கொடுங்கள்.