சொத்து வரி கூடிவிட்டதா? ஆணையருக்கு மனுவா, கலெக்டருக்கு மனுவா?

வீட்டு வரி அதிகமாக வந்திருக்கிறது என்று தெரிந்தால், தருமபுரிப் பக்கம் பலர் முதலில் நினைப்பது திங்கட்கிழமை கலெக்டர் அலுவலகக் குறைதீர் கூட்டத்தைத்தான். இன்னொரு வழி, வரி விதித்த அலுவலகத்திலேயே சீராய்வு மனு கொடுப்பது. நகராட்சி என்றால் ஆணையருக்கு. பாலக்கோடு, பென்னாகரம் போன்ற பேரூராட்சி என்றால் செயல் அலுவலருக்கு. நான் இரண்டாவது வழியில் போனேன். யார் கேட்டாலும் அதையே சொல்கிறேன்.

கலெக்டர் மனுவுக்குச் செலவில்லை, பதிவு எண்ணும் கிடைக்கும். ஆனால் அந்த மனு சுற்றி வந்து சேர்வது அதே நகராட்சியின் மேசைக்குத்தான். அதற்குள் நோட்டீஸில் போட்டிருக்கும் கெடு முடிந்துவிடலாம். சீராய்வு மனுவை வாங்க மறுத்தாலோ, வாங்கி வைத்துவிட்டுப் பதிலே சொல்லாவிட்டாலோ அப்போது கலெக்டரிடம் போவது நியாயம். முதல்வரின் உதவி மைய எண்ணான 1100-க்கு அழைப்பதும் அப்படித்தான்.

எந்த வழியில் போனாலும் முடிவைத் தீர்மானிப்பது அளவுதான். 'வரி அதிகம், குறைத்துத் தாருங்கள்' என்று எழுதினால் எதுவும் நகராது. வீதத்தை நமக்காக மாற்ற மாட்டார்கள். பதிவேட்டில் தவறாக ஏறியிருப்பதைத்தான் மாற்ற முடியும். எத்தனை சதுர அடி, எந்த மண்டலம், ஓடா தளமா, கட்டி எத்தனை வருஷம், குடியிருப்பா கடையா, சொந்தமா வாடகையா என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். 2022 உயர்வில் 600 சதுர அடிக்குள் இருந்த வீடுகளுக்கு 25 சதவீதம், 1200 வரை 50, 1800 வரை 75, அதற்கு மேல் 100 சதவீதம் ஏறியது. 1,190 இருக்க வேண்டிய இடத்தில் 1,230 என்று இருந்தால் அந்த 40 அடி என்ன செய்யும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள்.

எங்கள் மாடியில் முன்பு ஒரு தகரக் கொட்டகை இருந்தது. பிரித்த பிறகும் அது கணக்கில் தொடர்ந்தது. ஒவ்வொரு தளத்தின் நீள அகலத்தையும் தாளில் வரைந்து, நேரில் வந்து அளக்கும்படி மனுவில் கேட்டிருந்தேன். டேப் பிடித்து அளந்த பிறகு பேச்சுக்கே இடமில்லை, கணக்கைத் திருத்திவிட்டார்கள். பதிவேட்டில் என்ன இருக்கிறது என்று வாய்வார்த்தையாகச் சொல்லாவிட்டால், 10 ரூபாய் கட்டித் தகவல் உரிமைச் சட்டத்தில் நகல் கேட்கலாம். பதிலுக்கு 30 நாள் ஆகும் என்பதால், மனுவை முதலில் கொடுத்துவிட்டு நகலைக் கேளுங்கள்.

சீராய்வில் தோற்றவர்களுக்கு மேல்முறையீடு, அப்புறம் நீதிமன்றம் என்று வழி இருக்கிறது. நான் அதுவரை போனதில்லை. வீட்டு வரித் தொகைக்கு வக்கீல் செலவு கட்டுமா என்று யோசித்துத்தான் இறங்க வேண்டும். பெரிய கடை, குடோன் வைத்திருப்பவர்கள் கணக்கு வேறாக இருக்கலாம்.

மனு நடக்கும்போது வரியை நிறுத்தி வைக்காதீர்கள். அரையாண்டின் முதல் 30 நாளுக்குள் கட்டினால் 5 சதவீத ஊக்கத்தொகையும் கிடைக்கும். அந்த ரசீதின் நகலையும் மனுவோடு இணைத்துக் கொடுங்கள், உங்கள் பிரதியில் முத்திரையும் தேதியும் வாங்கிக்கொண்டு வாருங்கள்.