முதல் காசோலை யாரிடமிருந்து? ஆப்பிரிக்கப் புத்தொழில்களின் ஏஞ்சல் வழிகள்: ஓர் ஒப்பீடு

நைஜீரியாவின் லாகோஸிலோ கென்யாவின் நைரோபியிலோ புத்தொழில் நிறுவனம் ஒன்றைத் தொடங்குபவருக்கு, ஆரம்பத்தில் தேவைப்படும் ஐம்பதாயிரம் முதல் ஒன்றரை லட்சம் டாலர் வரையிலான தொகையை வங்கிகள் தருவதில்லை. தந்தாலும் அதன் வட்டியைத் தாங்க முடியாது. நைஜீரிய மத்திய வங்கியின் கொள்கை வட்டி விகிதமே 2024 நவம்பரில் 27.5 சதவீதத்தைத் தொட்டது. துணிகர மூலதன நிதிகள் ஓரளவு வருவாயைக் கண்ட பிறகுதான் பேசவே முன்வருகின்றன. இடையில் இருக்கும் இந்தப் பள்ளத்தை நிரப்புவதற்கு இன்று நான்கு வழிகள் உள்ளன: உள்ளூர் ஏஞ்சல்களின் (தொடக்க நிலை நிறுவனங்களில் சொந்தப் பணத்தைப் போடும் தனிநபர்களின்) வலையமைப்புகள், தாமே தொழில் நடத்தி வளர்ந்த தனிநபர்கள், பலர் சேர்ந்து பணம் போடும் சிண்டிகேட்டுகள், ஏஞ்சலின் இடத்தில் வந்து நிற்கும் ஆக்சலரேட்டர்கள் (பங்குக்கு ஈடாகப் பணமும் சில மாதப் பயிற்சியும் தரும் அமைப்புகள்). நான்கையும் எடைபோடும் நிறுவனர்கள் பெரும்பாலும் தொகையையும் நிறுவனத்துக்குப் போடப்படும் மதிப்பீட்டையும் மட்டுமே பார்க்கிறார்கள். எதை முதலில் நாடுவது, எதை அடுத்து நாடுவது என்ற வரிசை அவற்றைவிட முக்கியமானது என்பது என் கணிப்பு.

வலையமைப்புகளிலிருந்து தொடங்குவோம். லாகோஸ் ஏஞ்சல் நெட்வொர்க் 2012இல் உருவானது. கெய்ரோ ஏஞ்சல்ஸ், நைரோபியின் விக்டோரியா பிசினஸ் ஏஞ்சல்ஸ், 2018இல் வந்த டக்கார் நெட்வொர்க் ஏஞ்சல்ஸ் ஆகியவையும் ஏறத்தாழ இதே முறையில் இயங்குகின்றன. இத்தகைய அமைப்புகளைக் கண்டம் முழுவதும் இணைக்கும் ஆப்பிரிக்கன் பிசினஸ் ஏஞ்சல் நெட்வொர்க் 2015 முதல் செயல்படுகிறது. விண்ணப்பம், வடிகட்டல், உறுப்பினர்கள் முன் விளக்கவுரை, ஆவணச் சரிபார்ப்பு என்ற படிகளைக் கடந்து பணம் கைக்கு வரச் சில மாதங்கள் ஆகும். உறுப்பினர்களில் வங்கித் துறையிலும் வழக்கறிஞர் தொழிலிலும் பெருநிறுவனங்களிலும் உயர்ந்தவர்கள் பலர் இருப்பதால், பதிவுச் சான்றுகளும் கணக்குப் புத்தகமும் ஓரளவு விற்பனையும் இருக்கும் நிறுவனத்தையே அவர்கள் நம்புகிறார்கள். யோசனையை மட்டும் கையில் வைத்திருப்பவர் அங்கு போவது வீண் அலைச்சல். உரிமம் தேவைப்படும் நிதிச் சேவை, அரசு ஒப்பந்தம், மருந்து விநியோகம் போன்ற தொழில்களுக்கோ இவர்களுடைய அறிமுகம் பணத்தைவிடப் பெரிய உதவியாகும். ஒழுங்குமுறை அதிகாரியிடம் முறையாகச் சந்திப்பு நேரம் வாங்கித் தருவது கலிபோர்னியாவில் இருக்கும் முதலீட்டாளரால் இயலாத காரியம்.

இந்த வழியில் உள்ள ஆபத்து மதிப்பீட்டில் ஒளிந்திருக்கிறது. அரசின் ஓராண்டுக் கருவூல உண்டியல்களே (குறுகிய காலக் கடன் பத்திரங்களே) 2024இல் 20 சதவீதத்தை ஒட்டிய வருமானம் தந்த நைஜீரியா போன்ற ஒரு நாட்டில், புதிய நிறுவனத்தில் பணம் போடும் செல்வந்தர் அதைவிடப் பல மடங்கு ஆதாயத்தை எதிர்பார்ப்பது இயல்பே. அதனால் சிறு தொகைக்குப் பெரும் பங்கு கேட்கும் போக்கு உண்டு. எடுத்துக்காட்டாக, 50,000 டாலருக்கு 20 சதவீதப் பங்கு கொடுக்கும் நிறுவனர், தம் நிறுவனத்தின் மொத்த மதிப்பு இரண்டரை லட்சம் டாலர்தான் என்று எழுதிக் கொடுத்துவிடுகிறார். அடுத்தடுத்த முதலீட்டுச் சுற்றுகளில் அவருடைய பங்கு மேலும் கரைந்து, நிறுவனத்தை நடத்துபவருக்கே அதில் ஆர்வம் குன்றும் நிலை வரும் என்று அஞ்சி, பின்னால் வரும் நிதிகள் ஒதுங்கிவிடுகின்றன.

தனிநபர் ஏஞ்சல்களின் கதை வேறு. ஷோலா அகின்லாடேயும் எஸ்ரா ஒலூபியும் தொடங்கிய நைஜீரிய இணையவழிக் கட்டண நிறுவனமான பேஸ்டாக்கின் வரலாறு இதற்குத் தெளிவான சான்று. அதன் முதல் முதலீட்டாளர் லாகோஸைச் சேர்ந்த ஒலுமிடே சோயோம்போ. வங்கிகளுக்குத் தரவு மென்பொருள் தீர்வுகள் வழங்கும் புளூசிப் டெக்னாலஜிஸை 2008இல் கூட்டாக நிறுவியவர். வங்கியின் உள்ளே மென்பொருள் எப்படி வாங்கப்படுகிறது என்பதை அறிந்த ஒருவர், இணையவழிக் கட்டண நிறுவனத்துக்கு முதல் பணம் கொடுத்தார் என்பதைக் கவனிக்க வேண்டும். அதன் பிறகே பேஸ்டாக், அமெரிக்க ஆக்சலரேட்டரான ஒய் காம்பினேட்டரின் 2016 குளிர்காலப் பயிற்சி அணியில் இடம்பெற்றது. அதே ஆண்டில் 13 லட்சம் டாலரும், 2018இல் அமெரிக்க இணையவழிக் கட்டண நிறுவனமான ஸ்டிரைப்பின் தலைமையில் 80 லட்சம் டாலரும் திரட்டியது. 2020 அக்டோபரில் ஸ்டிரைப் அதை 20 கோடி டாலருக்கு மேற்பட்ட விலைக்கு வாங்கியதாகச் செய்திகள் வந்தன. இத்தகையவர்களிடம் குழு இல்லை, படிவம் இல்லை. பிடித்துப்போனால் சில நாட்களில்கூட முடிவெடுப்பார்கள். ஆனால் அவர்களை எட்டுவதற்கு, அவர்கள் முன்பு பணம் போட்ட நிறுவனர் ஒருவரின் அறிமுகம் வேண்டும். முன்பின் தெரியாதவர் அனுப்பும் மின்னஞ்சலுக்குப் பதில் வருவது அரிது. பெருநகருக்கு வெளியே, நட்பு வட்டம் இல்லாமல் தொழில் தொடங்குபவர்களுக்கு இது நியாயமற்ற தடை என்பதையும் சொல்லியாக வேண்டும்.

சிண்டிகேட்டுகள் இந்தத் தடையை ஓரளவு தளர்த்தின. ஆன்டெலா, ஃபிளட்டர்வேவ் ஆகிய புத்தொழில்களில் இணை நிறுவனராக இருந்த இயினோலுவா அபோயெஜி 2020இல் தொடங்கிய ஃபியூச்சர் ஆப்பிரிக்கா, புலம்பெயர்ந்தோர் உட்படப் பலரின் சிறு தொகைகளைத் திரட்டி ஒரே முதலீடாகச் செலுத்தும் வழியைப் பரவலாக்கியது. நிறுவனத்தின் பங்குப் பட்டியலில் ஐம்பது பெயர்களுக்குப் பதில் ஒரே பெயர் நிற்பதால், பின்னால் கையொப்பம் வாங்க ஒவ்வொருவரையும் தேடி அலைய வேண்டியதில்லை. சிண்டிகேட்டை முன்னின்று நடத்தும் தலைமை முதலீட்டாளர் சுறுசுறுப்பானவராக இருந்தால் இது நல்ல வழி. அவர் ஆர்வம் இழந்தால், மீதமுள்ளவர்களில் எவருக்கும் அந்த நிறுவனத்தின் சிக்கலைத் தம் தலையில் ஏற்றிக்கொள்ளும் அளவுக்குப் பணம் அதில் இருக்காது.

ஆக்சலரேட்டர்களில் பலரும் குறிவைப்பது ஒய் காம்பினேட்டரையே. 2022 முதல் அது 5 லட்சம் டாலர் தருகிறது: 1,25,000 டாலருக்கு 7 சதவீதப் பங்கு, மீதி 3,75,000 டாலர், பின்னர் வரும் முதலீட்டாளருக்குக் கிடைக்கும் மிகச் சிறந்த நிபந்தனையில் பங்காக மாறும் சேஃப் ஒப்பந்தம் (இப்போது பணம், பின்னர் பங்கு என்னும் எளிய முதலீட்டு ஒப்பந்தம்). முதல் பகுதியைக் கணக்கிட்டால் நிறுவனத்தின் மதிப்பு ஏறத்தாழ 17.9 லட்சம் டாலராகிறது. மேலே சொன்ன இரண்டரை லட்சத்துடன் ஒப்பிட்டால் வேறுபாடு விளங்கும். ஆயினும் 2022 கோடையிலிருந்து அணிகள் சுருக்கப்பட்டு, பயிற்சி மீண்டும் நேரடியாக நடத்தப்பட்டதைத் தொடர்ந்து, தேர்வாகும் ஆப்பிரிக்க நிறுவனங்களின் எண்ணிக்கை வெகுவாகக் குறைந்துவிட்டது. அதை நம்பி ஓராண்டைக் கழிப்பது அறிவுடைமையாகாது. விண்ணப்பிப்பதற்குச் செலவில்லை, விண்ணப்பித்துவிட்டு வேறு கதவுகளையும் தட்டிக்கொண்டிருக்க வேண்டும்.

மானியங்களை இந்தப் போட்டியில் சேர்ப்பது சரியா என்று தெரியவில்லை. டோனி எலுமெலு அறக்கட்டளை 2015 முதல் திருப்பித் தர வேண்டாத 5,000 டாலரை ஆயிரக்கணக்கானோருக்கு வழங்கி வருகிறது. பங்கு எதையும் இழக்காமல் முதல் மாதிரியைச் செய்துபார்க்க அது போதும். ஆள் எடுத்துத் தொழிலை வளர்க்கப் போதாது.

எந்த நாணயத்தில் பணம் வாங்குவது என்பது பலர் தாமதமாகவே யோசிக்கும் விஷயம். 2023 ஜூனில் நைஜீரிய நாணயமான நைராவின் மதிப்பைச் சந்தையே முடிவுசெய்யும்படி அது மிதக்கவிடப்பட்டபோது ஒரு டாலருக்குச் சுமார் 460ஆக இருந்த அதன் மதிப்பு, அடுத்த ஆண்டில் 1,500ஐத் தாண்டிச் சரிந்தது. நைராவில் சம்பாதிக்கும் நிறுவனம் டாலரில் மாற்றத்தக்க கடன் பத்திரம் எழுதிக் கொடுத்திருந்தால், பங்காக மாறாதவரை அந்தக் கடன் உள்ளூர்க் கணக்கில் மூன்று மடங்காக வீங்கியிருக்கும். சேஃப் ஒப்பந்தம் கடன் அல்ல என்பதால் அந்தச் சுமை அதில் இல்லை. மறுபுறம், நைராவில் முதலீடு பெற்று அமெரிக்க மேகக் கணினிச் சேவைக்கு டாலரில் கட்டணம் செலுத்தியவரின் பணம் பாதி வழியிலேயே தீர்ந்திருக்கும். ஆகவே செலவு எந்த நாணயத்தில் ஆகிறதோ அதிலேயே முதல் பணத்தைத் தேடுவது நல்லது.

வரிச் சலுகைகளை நம்பி வழியைத் தேர்ந்தெடுப்பதில் எனக்கு உடன்பாடில்லை. தென்னாப்பிரிக்க வருமான வரிச் சட்டத்தின் 12ஜே பிரிவு, முதலீட்டுத் தொகை முழுவதையும் வரிக்குரிய வருமானத்திலிருந்து கழிக்க அனுமதித்தது. அந்தப் பணத்தில் கணிசமான பகுதி ஆபத்துக் குறைந்த சொத்துகளுக்கே போனதாக விமர்சிக்கப்பட்டு, 2021 ஜூன் 30உடன் சலுகை முடிவுக்கு வந்தது. நைஜீரியாவின் 2022ஆம் ஆண்டு ஸ்டார்ட்அப் சட்டம் முதலீட்டாளருக்கு 30 சதவீத வரி வரவு தருவதாகச் சொல்கிறது. ஆனால் நிறுவனம் முதலில் அரசின் அங்கீகார முத்திரையைப் பெற்றிருக்க வேண்டும்.

எனவே நான் பரிந்துரைக்கும் வரிசை இதுதான். விற்பனை தொடங்காத மென்பொருள் நிறுவனம், தன் துறையில் பழுத்த ஒரு தனிநபரிடம் சிறு தொகையை சேஃப் ஒப்பந்தத்தில் பெற்று, அதைக் கொண்டு ஆக்சலரேட்டருக்கோ சிண்டிகேட்டுக்கோ செல்லலாம். கிடங்கு, லாரி, உரிமம் என்று தரையில் கால் ஊன்றிய தொழில், ஆறு மாத விற்பனைக் கணக்குடன் உள்ளூர் வலையமைப்பை அணுகலாம். செனகலின் டக்காரிலும் ஐவரி கோஸ்ட்டின் அபிஜானிலும் வலையமைப்புகளுக்குக் கூடுதல் மதிப்பு உண்டு; ஒஹாடா நாடுகளின் (பொதுவான வணிகச் சட்டத்தைப் பின்பற்றும், பெரும்பாலும் பிரெஞ்சு மொழி வழங்கும் ஆப்பிரிக்க நாடுகளின்) நிறுவனச் சட்டம் 2014இல்தான் எளிமையான பங்கு நிறுவன வடிவத்தை அனுமதித்தது என்பதால், அதன் விதிகளில் பங்குதாரர் ஒப்பந்தம் எழுதிப் பழகியவர்கள் அந்த வலையமைப்புகளில்தான் கிடைப்பார்கள். லண்டனிலோ ஹூஸ்டனிலோ இருக்கும் உறவினர் நைஜீரிய நிறுவனத்தில் நேரடியாகப் பணம் போட முன்வந்தால், பணம் வந்தவுடன் அதைப் பெறும் வங்கியிடம் மூலதன இறக்குமதிச் சான்றிதழைக் கேட்டு வாங்கிவிட வேண்டும். அது இல்லாமல், பிற்காலத்தில் அவருடைய ஆதாயத்தை அதிகாரபூர்வச் சந்தையில் டாலராக மாற்றி வெளியே அனுப்ப வழியில்லை.