படைத்துறைத் தலைமைத்துவமும் பாடசாலை அதிபரும்: கிளிநொச்சிச் செயலமர்வு பற்றி ஒரு மதிப்பீடு

கிளிநொச்சியில் தனியார் பயிற்சி நிறுவனமொன்று அதிபர்களுக்கும் பிரதி அதிபர்களுக்கும் நடத்திய இருநாள் செயலமர்வில் கடந்த ஓகஸ்ட் விடுமுறையில் கலந்துகொண்டேன். மதிய உணவும் கையேடும் சேர்த்து ஒருவருக்கு 4,500 ரூபா. படைத்துறை தன் தலைவர்களை உருவாக்கும் முறைகளிலிருந்து பாடசாலை நிர்வாகத்துக்கு எதை எடுத்துக்கொள்ளலாம் என்பதே அதன் பொருள். கற்றவற்றைப் பாடசாலையில் செய்துபார்த்த பின்னரே எழுத வேண்டும் என்பதற்காக இத்தனை மாதம் பொறுத்திருந்தேன்.

அறிவித்தலைக் கண்டதும் போவதா விடுவதா என்று இரண்டு நாள் யோசித்தேன். படை என்ற சொல்லையும் பாடசாலை என்ற சொல்லையும் ஒரே வரியில் வாசிப்பது வன்னியில் யாருக்கும் இலேசான காரியமன்று. பல்கலைக்கழகத்துக்குத் தெரிவான பிள்ளைகளுக்கு 2011ஆம் ஆண்டு இராணுவ முகாம்களில் தலைமைத்துவப் பயிற்சி கட்டாயமாக்கப்பட்டபோது எங்கள் ஊர்ப் பெற்றோர் பட்ட கலக்கத்தை நேரில் கண்டவன் நான். வளவாளர் சீருடை அணிந்தவர் அல்லர், முகாமைத்துவம் கற்பிக்கும் விரிவுரையாளர் என்று அறிந்த பின்னரே பெயரைப் பதிந்தேன்.

முதல் நாள் காலை அமர்வு, கொடுத்த காசு முழுவதற்கும் ஈடானது. 1806இல் இன்றைய ஜேர்மனியிலுள்ள யேனாவில் நெப்போலியனிடம் தோற்ற பிரஷ்யப் படை தன்னைச் சீர்திருத்திக்கொண்ட கதையிலிருந்து வளவாளர் தொடங்கினார். மேலிடத்துக் கட்டளை வரும்வரை கைகட்டி நிற்கும் பழக்கத்தை மெல்ல மெல்லக் கைவிட்டு, எதை அடைய வேண்டும் என்பதை மட்டும் தளபதி சொல்வது, எப்படி அடைவது என்பதைக் களத்தில் நிற்பவரிடமே விடுவது என்ற முறை அங்கு வளர்ந்ததையும், பின்னாளில் மோல்ட்கே என்பவர் அந்தப் படையின் தலைமை அதிகாரியாக இருந்த காலத்தில் அது உறுதிப்பட்டதையும் நிதானமாக விளக்கினார். பிறகு எங்களிடம் ஒரு வெற்றுத்தாளைத் தந்து, "நாளைக்கு நீங்கள் வலயக் கல்விப் பணிமனைக் கூட்டத்துக்குப் போய்விட்டால் உங்கள் பாடசாலையில் எவையெல்லாம் நின்றுபோகும்?" என்று எழுதச் சொன்னார். என் தாளில் பதினொரு விடயங்கள் இருந்தன. மாதத்தில் எத்தனை நாள் கூட்டத்துக்கும் கணக்குச் சமர்ப்பிப்புக்கும் நாங்கள் பாடசாலையை விட்டு வெளியேறுகிறோம் என்பதை நினைத்தால் அந்தத் தாளின் பாரம் அதிபர்களுக்கு விளங்கும்.

பாடசாலைக்குத் திரும்பியதும், மழைக்காலத்துக்கென்று நான் வைத்திருந்த நீண்ட அறிவுறுத்தல் பட்டியலை எடுத்துவிட்டு, "எந்தப் பிள்ளையும் தண்ணீரைத் தாண்டித் தனியே வீடு போகக்கூடாது" என்ற ஒரே வரியை ஆசிரியர் அறையில் ஒட்டினேன். கார்த்திகை மழையில் ஒருநாள் நான் முல்லைத்தீவில் கூட்டத்தில் இருந்தபோது பாடசாலைக்கு அருகிலுள்ள மதகின் மேலாக வெள்ளம் பாயத் தொடங்கியது. தொலைபேசித் தொடர்பும் கிடைக்கவில்லை. நியமனம் பெற்று ஒரு வருடம்கூட ஆகாத ஆசிரியை ஒருவர், அக்கரைப் பிள்ளைகளைப் பிரித்தெடுத்து மண்டபத்தில் இருத்தி, சத்துணவுக்கு வைத்திருந்த அரிசியில் கஞ்சி காய்ச்சுவித்து, உழவு இயந்திரம் வைத்திருந்த பெற்றோர் ஒருவரை அழைத்து, இருள்வதற்கு முன் எல்லோரையும் வீடு சேர்த்திருந்தார். முன்னைய ஒழுங்கில் என்றால் அரிசிக் களஞ்சியத்தைத் திறக்க என் கையெழுத்துக்காக அவர் காத்திருந்திருப்பார்.

மீளாய்வு பற்றிய அமர்வும் பயனுள்ளது. அமெரிக்கத் தரைப்படை 1980களில் தன் பாலைவனப் பயிற்சிக் களங்களில் வளர்த்தெடுத்த முறை அது: என்ன நடக்க வேண்டும் என்றிருந்தோம், என்ன நடந்தது, ஏன் அப்படி நடந்தது, அடுத்தமுறை என்ன செய்வோம் என்ற நான்கு கேள்விகளைப் பதவி பாராமல் எல்லோரும் சேர்ந்து பேசுவது. இல்ல மெய்வல்லுநர் போட்டி முடிந்த மறுநாள் இதைச் செய்தோம். அஞ்சலோட்டம் முக்கால் மணி நேரம் பிந்தியதற்கு உடற்கல்வி ஆசிரியரே காரணம் என்று நான் எண்ணியிருந்தேன். விளையாட்டு உபகரண அறைத் திறப்பு என் மேசை லாச்சியில் பூட்டியிருந்ததைச் சொன்னவர் எங்கள் பாடசாலைச் சிற்றூழியர். இருபது வருட சேவையில் ஒரு கூட்டத்தில் அவர் வாய் திறந்தது அதுவே முதல் தடவை.

இரண்டாம் நாள் காலையில் நடந்த ஒழுக்கம் பற்றிய அமர்வை நான் பரிந்துரைக்க மாட்டேன். அணிவகுப்புக் காட்சிகளைத் திரையில் ஓடவிட்டு நேரந்தவறாமையைப் பற்றிப் பேசினார்கள். என் மேசையில் இருந்த அதிபர் ஒருவர் எழுந்து விறாந்தைக்குப் போய்விட்டார். படம் முடியும்வரை திரும்பவில்லை. அந்தக் காட்சிகள் இங்கு எவற்றை நினைவூட்டும் என்று ஏற்பாட்டாளர்கள் முன்பே யோசித்திருக்க வேண்டும். அது ஒருபுறமிருக்க, ஒப்பீடே பொருந்தவில்லை. படை அதிகாரி தன் ஆட்களை மாதக்கணக்கில் தானே பழக்குகிறார். எங்களுக்கோ வலயம் அனுப்புகிறவர்தான் ஆசிரியர். அவரும் யாழ்ப்பாணத்திலிருந்தோ வவுனியாவிலிருந்தோ விடிய நாலரைக்கு எழும்பிப் பேருந்து பிடித்து வருகிறவர். பேருந்து பிந்தினால் வரவுப் பதிவேட்டில் சிவப்புக் கோடு விழுகிறது. இதற்கு அணிவகுப்பில் விடையில்லை. பிள்ளைகளைப் பொறுத்தவரை, உடல் தண்டனையைத் தடைசெய்து 2005இல் கல்வி அமைச்சு வெளியிட்ட 2005/17ஆம் இலக்கச் சுற்றறிக்கையைப் பற்றி அந்த அமர்வில் ஒரு வார்த்தைகூடப் பேசப்படவில்லை.

என் பெரிய குறை வேறொன்று. நாட்டின் நலன் முதலில், தன் கீழுள்ளவர்களின் நலன் அடுத்து, தன் சுகமும் பாதுகாப்பும் எப்போதும் கடைசியில் என்று 1932இல் இந்தியாவின் டேராடூன் படைக் கல்லூரித் திறப்பு விழாவில் அப்போதைய இந்தியப் படைத் தலைமைத் தளபதி செட்வோட் சொன்ன வாசகம் கையேட்டின் முதற்பக்கத்தில் இருந்தது. நல்ல வாசகம். ஆனால் 2008இல் போரினால் ஊர் ஊராக இடம்பெயர்ந்தபோது வீட்டுச் சாமான்களை விட்டுவிட்டு வரவு இடாப்புகளையும் பரீட்சைப் பெறுபேறுகளையும் சைக்கிளில் கட்டிக்கொண்டு வந்தவர்கள், தறப்பாள் கொட்டிலிலும் மரநிழலிலும் அடுத்த கிழமையே வகுப்புத் தொடங்கியவர்கள் அந்த அறையில் என்னோடு அமர்ந்திருந்தார்கள். இரண்டு நாளில் ஒருவர்கூட அவர்களைப் பார்த்து "நீங்கள் எப்படிச் செய்தீர்கள்?" என்று கேட்கவில்லை. நெருக்கடியில் ஒரு நிறுவனத்தைச் சிதறாமல் காப்பது எப்படி என்பதை அவர்களைவிட நன்றாகச் சொல்லக்கூடியவர் யார்?

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். கையேட்டின் தமிழ் தெளிவாக இல்லை. பல இடங்களில் மொழிபெயர்ப்பை மீண்டும் மீண்டும் வாசித்தே பொருள் கண்டேன். உணவு நன்றாக இருந்தது, மண்டபத்தில் காற்றோட்டம் போதாது. வளவாளர் கேள்விகளுக்குப் பொறுமையாக, தெரியாததைத் தெரியாது என்று ஒப்புக்கொண்டு விடையளித்தார்.

கருத்துப் படிவத்தில், இரண்டாம் நாள் காலை அமர்வை நீக்கிவிட்டு அந்த நேரத்தை மூத்த அதிபர்களுக்குக் கொடுங்கள் என்று எழுதிக் கொடுத்தேன். அடுத்த செயலமர்வை மல்லாவியில் நடத்தப்போவதாகச் சொல்கிறார்கள். எங்கள் பிரதி அதிபரை முதல் நாளுக்கு அனுப்புகிறேன். இரண்டாம் நாளுக்கு அனுப்புவது நிகழ்ச்சி நிரலைப் பார்த்த பிறகு.