மாணவர் செயல்திட்டத்துக்குப் படம்: காமன்ஸா, பிக்சபேயா, கூகுளா?

காங்கேயம் காளை, பவானி ஜமக்காளம், நொய்யல் ஆறு. கொங்குப் பக்கத்துப் பள்ளிகளில் கணினிச் செயல்திட்டத்துக்கு இப்படித் தலைப்பு அமைந்தால், படத்துக்கு மூன்று வழி உண்டு: கூகுள் படத்தேடல், பிக்சபே, அன்ஸ்பிளாஷ் போன்ற இலவசத் தளங்கள், விக்கிப்பீடியாவுக்கும் படம் தரும் பொதுக் கோப்புக் களஞ்சியமான விக்கிமீடியா காமன்ஸ். நான் மாணவர்களுக்குச் சொல்வது மூன்றாவதை.

கூகுளில் ‘கருவிகள்’ பகுதிக்குப் போய், பயன்பாட்டு உரிமையில் கிரியேட்டிவ் காமன்ஸை (படைப்பாளரே சில நிபந்தனைகளோடு பிறர் பயன்படுத்த விடும் உரிம வகை, சுருக்கமாகச் ‘சிசி’) தேர்ந்தால் பட்டியல் சுருங்கும். ஆனால் அது வழிகாட்டிப் பலகைதான். படம் இருக்கும் பக்கத்துக்கே போய் உரிமத்தைப் படிக்க வேண்டும். ‘நன்றி: கூகுள்’ என்று போடுவது, கடிதம் எழுதியவரை விட்டுவிட்டுத் தபால்காரருக்கு நன்றி சொல்வது போல.

பிக்சபேயிலும் அன்ஸ்பிளாஷிலும் படங்கள் அழகானவை, கையில் சட்டென்று கிடைக்கும். மேகமோ மழைத்துளியோ போதுமென்றால் அங்கேயே எடுக்கலாம். காளை என்றால் நிலைமை வேறு. திமிலையும் கொம்பையும் பார்த்தே இனம் சொல்லும் ஊரில் வேறு மாட்டின் படத்தை வைத்தால் திட்டமே சரிந்துவிடும். இன்னொன்று: அன்ஸ்பிளாஷ் 2017-லும் பிக்சபே 2019-லும் எந்த நிபந்தனையும் இல்லாத சிசி ஜீரோ உரிமத்தை விட்டுச் சொந்த உரிமத்துக்கு மாறிவிட்டன. அங்கே பெயர் குறிப்பிடுவது கட்டாயமில்லை என்பதால் மாணவர்கள் குறித்தே வைப்பதில்லை. பிறகு படம் எங்கே எடுத்தது என்று கேட்டால் காட்ட ஒன்றும் இருக்காது.

விக்கிமீடியா காமன்ஸை நான் தேர்வதற்குக் காரணமே இந்தச் சான்றுதான். வணிகத்துக்குக் கூடாது, மாற்றக் கூடாது என்று தடை போடும் உரிமம் மட்டுமே உள்ள படங்களை அங்கே ஏற்பதில்லை. ஒவ்வொரு கோப்புக்கும் தனிப்பக்கம், மாற்ற வரலாறு எல்லாம் உண்டு. ஃபிளிக்கர் என்ற படப்பகிர்வுத் தளத்தில் ஒருவர் படத்தின் உரிமத்தைப் பின்னால் மாற்றிவிடலாம். அங்கிருந்து காமன்ஸுக்கு வந்த படத்தில் உரிமம் சரிபார்க்கப்பட்ட தேதி பக்கத்திலேயே பதிவாகியிருக்கும்.

தேடும்போது ஆங்கிலத்தில் காங்கயம், காங்கேயம் என இரண்டு எழுத்துக்கூட்டலையும் போட்டுப் பாருங்கள். ஒரு நல்ல படம் கிடைத்ததும் பக்கத்தின் அடியிலுள்ள பகுப்பைச் சொடுக்குங்கள். தேடலில் சிக்காதவை அங்கே இருக்கும். ஸ்லைடுக்கு 1280 பிக்சல் அகலம் போதும், மூலக்கோப்பை இறக்கினால் கோப்பு வீணாகக் கனக்கும். கோப்பின் பெயரை மட்டும் மாற்றாதீர்கள். முன்னால் ஒட்டிவரும் அளவு எண்ணை நீக்கித் தேடினால், மறந்துபோன பக்கம் பெயரை வைத்தே திரும்பக் கிடைக்கும்.

இறக்கிய கையோடு அட்டவணையில் ஐந்து விவரம்: ஸ்லைடு எண், தலைப்பு, படைப்பாளர், பக்க முகவரி, பதிப்பு எண்ணோடு உரிமம். கடைசி நாளில் எழுதிக்கொள்ளலாம் என்று விட்டால் பாதி விடுபடும். பதிவேற்றியவரும் படைப்பாளரும் ஒருவராகவே இருக்க வேண்டும் என்பதில்லை. ‘ஆசிரியர்’ வரியைப் பாருங்கள். படத்தடியில் வரும் குறிப்பு இப்படி இருக்கலாம்: ‘காங்கேயம் காளை, படைப்பாளர் பெயர், விக்கிமீடியா காமன்ஸ், சிசி பை-எஸ்ஏ 4.0, ஓரம் வெட்டப்பட்டது’. உரிமத்துக்கும் பக்கத்துக்கும் இணைப்பு கொடுங்கள். வெட்டியதையோ நிறம் மாற்றியதையோ சொல்வதும் உரிமத்தின் நிபந்தனைதான்.

உரிமப் பெயரில் ‘பை’ என்றால் படைப்பாளர் பெயரைச் சொல்ல வேண்டும், ‘எஸ்ஏ’ என்றால் மாற்றி வெளியிடுவதை அதே உரிமத்தில் தர வேண்டும். எஸ்ஏ என்றால் பலர் பயப்படுகிறார்கள். படத்தை அப்படியே ஸ்லைடில் வைத்தால் முழுத் தொகுப்புக்கும் அந்த உரிமம் பரவாது. வெட்டி ஒட்டிப் புதுச் சுவரொட்டி ஆக்கினால், சுவரொட்டியையும் அதே உரிமத்தில்தான் வெளியிட வேண்டும்.

இசைக்கு மட்டும் காமன்ஸை இவ்வளவு அழுத்திச் சொல்ல மாட்டேன். ஓசைத் துணுக்குகளுக்கு ஃபிரீசவுண்ட் வசதி, ஆனால் அங்கே வணிகத் தடை உரிமங்களும் கலந்திருக்கும், ஒவ்வொன்றாகப் பாருங்கள். காணொளியோடு பாட்டை நேரம் பொருத்திச் சேர்ப்பதையே கிரியேட்டிவ் காமன்ஸ் ‘தழுவல்’ என்று கொள்கிறது. ஆகவே என்டி (மாற்றக் கூடாது என்ற) உரிமப் பாட்டை வள்ளி கும்மிக் காணொளிக்குப் பின்னணியாக வைத்து வெளியிட முடியாது. எஸ்ஏ உரிமப் பாட்டானால் காணொளிக்கும் அதே உரிமம்.