துத்தநாகமா, ரசாயனமா? மாநிறத்துக்கு எந்த சன்ஸ்க்ரீன்

போன கோடையில் மருந்துக்கடையில் 2 ட்யூப் வாங்கி, வாரம் ஒன்றாக மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தேன். ஒன்றில் வெயிலைத் தடுக்க ஜிங்க் ஆக்சைடு (துத்தநாகம்) மட்டும், 'மினரல்' வகை. மற்றதில் வாய்க்குள் நுழையாத பெயர்களோடு நாலைந்து ரசாயனங்கள். இரண்டின் மேலும் எஸ்.பி.எஃப். 50 என்றே போட்டிருந்தது.

ஜிங்க் முதல் நாளே மானத்தை வாங்கியது. எவ்வளவு தேய்த்தாலும் சரியாகத் துடைக்காத விபூதி மாதிரி முகமெங்கும் ஒரு சாம்பல் பூச்சு. "கூத்து கட்டப் போறியாடி?" என்றாள் அம்மா. ரசாயன ட்யூப் பூசிய இடமே தெரியவில்லை. ஆனால் ஹெல்மெட்டுக்குள் வியர்த்து, புருவம் வழியாக இறங்கி, கிண்டி தாண்டுவதற்குள் கண் எரிய ஆரம்பித்துவிட்டது. வண்டியை ஓரங்கட்டி முகம் கழுவ வேண்டியதாயிற்று.

மினரல் வகை கண்ணாடி போல வெயிலைத் திருப்பி அனுப்பும், ரசாயன வகை உறிஞ்சிக்கொள்ளும் என்று எல்லாரும் சொல்வார்கள். பாதிதான் சரி. ஜிங்க்கும் புற ஊதாக் கதிரைப் பெரும்பாலும் உறிஞ்சத்தான் செய்கிறது. திருப்பி அனுப்புவது கொஞ்சம். அந்த வெள்ளைப் பூச்சு, கண்ணுக்குத் தெரியும் ஒளியை அது சிதறடிப்பதால் வருவது. துகளைப் பொடியாக்கினால் வெள்ளை குறையும், முழுதாகப் போகாது.

எஸ்.பி.எஃப். எண் முக்கியமாகச் சொல்வது யூ.வி.பி. என்ற வகைப் புற ஊதாக் கதிரைப் பற்றி, அதாவது தோல் சிவந்து வெந்துபோவதைப் பற்றி. வெள்ளைத்தோல்காரர்களுக்கு அது பெரிய கவலை. நமக்கு அதைவிடப் பெரிய தொல்லை கருத்துப்போவதும் கன்னத்தில் மங்கு விழுவதும். அதில் யூ.வி.ஏ. என்ற இன்னொரு வகைப் புற ஊதாக் கதிருக்குப் பெரிய பங்கு. அது சாதாரண ஜன்னல் கண்ணாடியையும் தாண்டி வரும். எஸ்.பி.எஃப். 30 யூ.வி.பி.யில் சுமார் 97 சதவீதத்தைத் தடுக்கும், 50 சுமார் 98. இந்த வித்தியாசத்துக்குக் காசைக் கொட்டுவதைவிட ட்யூபில் பி.ஏ.வுக்குப் பக்கத்தில் எத்தனை கூட்டல் குறி என்று எண்ணுங்கள். ஜப்பானில் பிறந்த அளவுகோல் அது, யூ.வி.ஏ.வுக்கானது. நாலு கூட்டல்தான் உச்சம்.

யூ.வி.ஏ.வில் ஜிங்க் நன்றாகவே தாக்குப்பிடிக்கிறது. இன்னொரு மினரலான டைட்டானியம் டை ஆக்சைடு நீள அலை யூ.வி.ஏ.வில் தடுமாறும், அது மட்டுமே உள்ள ட்யூபை நான் அலமாரியிலேயே வைத்துவிடுவேன். ரசாயன வகையில் பழைய கை அவோபென்சோன். லேபிளில் 'பியூட்டைல் மெத்தாக்சிடைபென்சாயில்மீத்தேன்' என்று ரயில் பெட்டி நீளத்துக்கு இருக்கும். யூ.வி.ஏ.வை நன்றாகப் பிடிக்கும், ஆனால் வெயில் பட்டால் தானே சிதையும். வெயிலுக்கென்று பூசுவது வெயிலில் சிதைவதை என்னவென்று சொல்ல! ஆக்டோக்ரிலீன் என்ற ரசாயனம் கூட இருந்தால் தாங்கும். ஆக்டினாக்சேட் என்ற ரசாயனம் கூட இருந்தால் இன்னும் சீக்கிரம் கெடும். டினோசார்ப் எஸ், யூவினல் ஏ ப்ளஸ் என்ற புதிய வடிகட்டிகளுக்கு (வெயிலைத் தடுக்கும் பொருள்களுக்கு) இந்தச் சிக்கல் இல்லை. லேபிளில் முன்னது 'பிஸ்-எத்தில்ஹெக்சிலாக்சிஃபீனால்' என்றும், பின்னது 'டைஎத்தில்அமினோ' என்றும் தொடங்கும். இந்த இரண்டும் இருந்தால் என் ஓட்டு ரசாயனத்துக்குத்தான்.

பயம்? அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2019-ல் வெளியிட்ட வரைவில் ஜிங்க், டைட்டானியம் இரண்டுக்கு மட்டுமே பாதுகாப்புக்குப் போதிய தரவு இருப்பதாகச் சொன்னது. 12 ரசாயனங்களுக்குக் கூடுதல் தரவு கேட்டது. சில வடிகட்டிகள் ரத்தத்தில் கலப்பதும் சோதனையில் தெரிந்தது. கலக்கிறது என்றால் கெடுதல் செய்கிறது என்று ஆகிவிடாது. ஆக்சிபென்சோன் என்ற ரசாயன வடிகட்டியை மட்டும் நான் தொடுவதில்லை. அதையும் ஆக்டினாக்சேட்டையும் பவளப்பாறைகளை முன்னிட்டு ஹவாய் 2021 முதல் விற்கத் தடை செய்திருக்கிறது, மாற்றும் தாராளமாகக் கிடைக்கிறது. சின்னப் பிள்ளைகளுக்கும் எதைப் பூசினாலும் எரிகிற தோலுக்கும் ஜிங்க்தான். 6 மாதத்துக்குக் கீழே உள்ள குழந்தைக்குக் க்ரீமே வேண்டாம், நிழல் போதும்.

ஆனால் என் முடிவை மாற்றியது அளவுதான். ட்யூபில் உள்ள எண், சதுர செ.மீ.க்கு 2 மில்லிகிராம் பூசிச் சோதித்துப் போட்டது. முகத்துக்கு மட்டும் 1 கிராமுக்கு மேல் வேண்டும்: ஆள்காட்டி விரல், நடுவிரல் இரண்டின் நீளத்துக்கும் பிதுக்கிய அளவு. பாதி பூசினால் கிடைப்பது 50 அல்ல, அதில் பாதியோ அதற்கும் கீழோ. 50 கிராம் ட்யூப் தினம் ஒருவேளைக்கே 50 நாள் தாண்டக்கூடாது. என் ஜிங்க் ட்யூப் 4 மாதம் வந்தது! வெள்ளை தெரியுமே என்று பொட்டு வைப்பது போலத் தொட்டுத் தொட்டுப் பூசியிருக்கிறேன். ரசாயன ட்யூபை வஞ்சனையில்லாமல் பூச முடிந்தது. கண்ணைச் சுற்றி மட்டும் ஜிங்க் குச்சி, எரிச்சல் போயிற்று.

குடையையும் துப்பட்டாவையும் மறக்க வேண்டாம், அவை வியர்வையில் கரைவதில்லை. கத்திரி வெயில் முடிந்ததும் ட்யூபை மூடி வைப்பவர்களுக்கு ஒன்று: சூரியன் சென்னைக்கு நேர் உச்சியில் வருவது ஏப்ரல் கடைசியிலும், மறுபடி ஆகஸ்ட் நடுவிலும். தேங்காய் எண்ணெயே போதும் என்பவர்களோடு எனக்கு வழக்கில்லை. சோதனைக்கூடத்தில் அதற்குக் கிடைத்தது ஒற்றை இலக்க எஸ்.பி.எஃப்.

மங்கு ஏற்கெனவே இருந்தால் இந்த இரண்டு ட்யூபுமே போதாது. கண்ணுக்குத் தெரியும் ஒளியும் நம் நிறத்தில் மங்கைக் கூட்டும். நிறமில்லாத சன்ஸ்க்ரீன் அதைத் தடுப்பது குறைவு. இரும்பு ஆக்சைடு கலந்த, பழுப்பு நிற 'டின்டட்' வகை தடுக்கும். ஜிங்க்கின் வெள்ளையையும் அதுவே மறைக்கும். அம்மாவின் கன்னத்து மங்குக்கு அதைத்தான் வாங்கிக் கொடுத்தேன். கூத்து பற்றி இப்போது பேச்சில்லை. விபூதிக்கு மட்டும் நெற்றியில் இடம் விட்டுப் பூசிக்கொள்கிறாள்.